வராதவர்கள் நிற்கும் வரிசை

மாஸ்டர் வரிசையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். வங்கிக்காரரை அரையடி தள்ளி நிற்கச் சொல்கிறார். அவருக்கும் மருந்துக்கடை அக்காவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு வெற்றிடம். மாஸ்டர் அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுத்தவரிடம் போகிறார், குறுக்கே நடப்பதில்லை.

பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தக் கராத்தே பள்ளியில் யாராவது வராமல் நின்றுவிட்டால் அவர் போன் செய்யமாட்டார், வீடு தேடிப் போகமாட்டார். அவர்களுடைய இடத்தை அப்படியே விட்டுவைப்பார். ஜோடிப் பயிற்சியில் அவர்களுடைய ஜோடி அந்த வெற்றிடத்தைக் குனிந்து வணங்கி, அது குத்துகிற குத்தைத் தடுக்க வேண்டும். சும்மா கையை ஆட்டினால் பிடித்துக்கொள்வார். "ஏமாத்தாத. அவங்க இதவிட வேகமா அடிப்பாங்க."

செய்தி எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். தன் இடத்தில் தன்னைப்போல ஏதோ ஒன்று நிற்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்குத் தூக்கம் வரும்? பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். பழைய இடத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு கணம் தயங்குவார்கள். பஸ்ஸில் யாரோ எழுந்துபோன சீட்டில், சூடு ஆறட்டும் என்று காத்திருப்பதுபோல.

அவருடைய மகள் மட்டும் வரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்ததும் நின்றுவிட்டாள். உனக்கு மகளாக இருப்பதே முழுநேர வேலை, மாணவியாகவும் இருக்க என்னால் ஆகாது என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். வீட்டில் அதைப்பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார், கடையில் கூட்டமா என்று விசாரித்தார். சம்மதித்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

அவளுடைய பழைய ஜோடியான மருந்துக்கடை அக்கா ஒருநாள் கண்ணாடி பார்க்க வந்தாள். பிரேம்களைத் தொடாமல் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே ரத்தம் கட்டி நீலம் பாரித்திருந்தது.

"நேத்து கொஞ்சம் பலமாத்தான் அடிச்சிட்டடி."

"தூண்ல இடிச்சிருப்பீங்கக்கா."

"ஹால்ல தூண் ஏதுடி?" அக்கா சிரித்தாள். சட்டைக் கையை இறக்கிவிட்டு, பிரேம் எதையும் பார்க்காமலே கிளம்பிப் போனாள்.

அன்று முழுக்க மகளுக்கு வேலை ஓடவில்லை. யார் முகத்துக்குக் கண்ணாடி மாட்டினாலும் அந்த நீலமே தெரிந்தது. போதும், தோற்றுப்போனதாகவே இருக்கட்டும், இனி தினமும் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்பாவை அந்த வெற்றிடத்துக்கு விட்டுக்கொடுக்க முடியுமா? சாயங்காலம் வீட்டுக்குப் போய் வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு மாடியேறினாள். வங்கிக்காரருக்கும் அக்காவுக்கும் நடுவே போய் நின்றாள். அந்த இடம் மட்டும் காலுக்குக் கதகதப்பாக இருந்தது.

மாஸ்டர் வரிசையோடு வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார். அந்த முகத்தில் கோபமில்லை. வீட்டில் பார்க்கிற அதே பிரியம்தான்.

"பின்னாடி போய் நில்லும்மா. இது என் பொண்ணோட இடம்."

"அப்பா, நான்தாம்ப்பா."

"தெரியும்மா. நீ வருவ, போவ. இவ ஒரு நாள்கூட வராம நின்னதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா குனிந்து தரையைப் பார்த்தாள். அவர் மகளின் தோளைப் பிடித்து, நோகாமல், ஓரமாக நகர்த்தி நிறுத்தினார். பிறகு வெற்றிடத்தின் பக்கம் திரும்பி, அங்கே நிற்பவளுடைய முழங்கை இருக்கக்கூடிய உயரத்தில் ஒற்றை விரலை வைத்து, சற்றே மேலே தூக்கிவிட்டார்.