தேவராசா அண்ணை போட்ட கடலை

தேவராசா அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸப் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் மழை என்று வந்தாலும் யன்னலைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். "ஓம் தங்கச்சி, விடியத்தான்" என்றார். அதன் பிறகுதான் இருந்து அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சந்தேகங்களும் தெரிந்திருக்கும். ஜெர்மனியின் ஆஹென் நகரில் மாலை வகுப்பில் பல நாட்டவருக்கும் ஜெர்மன் படிப்பித்தவர். நான் ஆட்களைச் சந்தேகிப்பேன், அவர் சொற்களைச் சந்தேகித்தார். ஒரு தேர்தல் காலத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே இருந்த சுவரொட்டியைக் காட்டினார்.

"வாக்குக்கு இவங்கள் ஷ்டிம்மெ எண்டுறாங்கள், குரல். பிரெஞ்சுக்காரருக்கும் குரல், போலந்துக்காரருக்கும் குரல், எல்லைக்கு அங்கால ஒல்லாந்திலயும் குரல்தான். குரலைக் கேட்டா ஆளைப் பிடிச்சிடலாமே? ஆங்கிலத்து வோட்டு லத்தீனில இருந்து வந்தது, சாமிக்கு வைக்கிற நேர்த்தி. கிரேக்கர் மட்டும் இண்டைக்கும் கூழாங்கல் எண்டுறாங்கள். கல்லுக் காட்டிக்குடுக்காது."

"எங்கட வாக்கு?" என்று கேட்டேன்.

"குடுத்தா மீற ஏலாது. அதிலயும் ஒரு மிரட்டல் இருக்கு."

வேலையில்லாத ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த மாரியில் என் தலையே உருண்டது. நான் பகலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர், சனிக்கிழமைகளில் தமிழ் ஆசிரியை. ஒரு குடும்பத்தின் வதிவிட அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டதும், நான்தான் அவர்களைப் பற்றி உள்ளே ஏதோ காட்டிக்கொடுத்தேன் என்று கதை கிளம்பியது. அந்தக் குடும்பத்தை நான் கண்டதே இல்லை. என்னைப் பள்ளியிலிருந்து நீக்கப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். என்னைத் தாழ்வாரத்தில் இருக்கச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"நீக்க விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ, அலுவல் முடிஞ்சிது" என்றார் தலைவர்.

"கை தூக்க ஏலாது" என்றது அண்ணையின் குரல். "ஆர் தூக்கேல்லை எண்டு நீங்கள் பாப்பியள்."

அவர் கையோடு கடலை கொண்டுவந்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைக் கடலை, ஒரு கறுத்தக் கடலை. தனித்தனியாகக் குசினிக்குள் போய் ஒன்றை வாக்குப் பானையிலும் மற்றதைக் கழிவுப் பானையிலும் போட வேண்டும். வெள்ளை என்றால் நான் இருக்கலாம். வெள்ளைக் கடலை பெரிது, விழும் சத்தத்தில் தெரிந்துவிடும் என்று இரண்டு பானைகளுக்குள்ளும் துவாய் விரித்திருந்தார். அப்படிச் சந்தேகிக்க அவரால்தான் முடியும்.

கொஞ்ச வித்தியாசத்தில் வெள்ளை வென்றது. கதவைத் திறந்து, "வாங்கோ தங்கச்சி, பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்றார். எண்ணியதை மறுபடி எண்ணக் கூடாது என்று வாக்குப் பானைக் கடலை முழுவதையும் ஒன்றாக ஊறப்போட்டு, அடுத்த கிழமை தாளித்துக் கொண்டுவந்தார். என்னை நீக்கக் கேட்டவர்களும் இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிறகு ஒருநாள் கேட்டேன். "அண்ணை, நீங்கள் எதைப் போட்டனீங்கள்?"

"சொன்னா உமக்கு நான் ஒரு குரல். என்னைக் கல்லா இருக்க விடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரும் கறுப்புத்தான் போட்டாரோ என்று வருடக்கணக்காக மனம் அரித்தது.

சவ அடக்கத்தன்று மண்டபத்தில் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்தார்கள். "நான் அண்டைக்கு உமக்கு வெள்ளைதான் போட்டனான்." தலைவரும் அதையே சொன்னார். எல்லோரும் வெள்ளை போட்டிருந்தால், நான் தின்ற கறுத்தக் கடலையெல்லாம் எங்கிருந்து வந்தது?

எனக்கு வெள்ளை போட்டதாகக் கடைசிவரை சொல்லாதவர் அந்த மண்டபத்தில் ஒருவர்தான், பெட்டிக்குள் கிடந்தார். அவர் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றவர்களை இன்னும் சந்தேகிக்கிறேன். அவரை மட்டும் நம்புகிறேன்.