மட்டிக்கு ரெண்டு எஞ்சின்

மட்டியின் மரபணுவை ஆராய்கிறவர்களுக்கு ஒரே ஒரு சௌகரியம்: ஆராயப்படுவது ஓடிப்போகாது. மற்றதெல்லாம் சிரமம்தான். கல்யாண வீட்டில் “என்ன வேலை?” என்று கேட்டதற்கு ரெண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. நான் வேலூர்க்காரி. ஜாகை பொம்மனஹள்ளி. ஆற்று மட்டிகளை, அதாவது ஆற்றுச் சிப்பிகளை, வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறேன்.

பூர்வீகம் எது?

ஆற்று மட்டியில் கை வைப்பதற்கு முன், டி.என்.ஏ. பிரித்துப் பழகக் கடல் மட்டி வாங்கப் போனேன். பிரேசர் டவுனில் சலீம் பாய் மீன் கடை. எந்தக் கடற்கரையில் பிடித்தது, என்றைக்குப் பிடித்தது, எல்லாம் ஒரே இடத்து மட்டியா என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். பாய் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ விசாரிக்க மாட்டாங்கம்மா, இது மட்டி!”

ஸ்டார்ட்டிங் ட்ரபிள்

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவோம். ஓர் ஆட்டோ டிரைவர் பத்து வயது மகளோடு வந்தார். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, எஞ்சின் மாதிரி என்றேன். நிறம், உயரமெல்லாம் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும். இந்த எஞ்சின் மட்டும் மனிதர்களுக்கு அம்மாவிடமிருந்துதான் என்றேன்.

மகள் அப்பாவைப் பாவமாகப் பார்த்தாள். அவருக்கோ வருத்தமே இல்லை.

“எஞ்சின் பூரா அவங்கம்மாவோடதா? அதான் மேடம், இவ ஸ்டார்ட்டிங் ட்ரபிள் இல்லாம ஓடுறா!”

கலப்படம்

சில மட்டிகளில் கதை வேறு. மகளுக்கு அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா மட்டும். மகனுக்கோ உடம்பில் அம்மாவுடையது, விந்தில் அப்பாவுடையது. அப்பாவழியும் அம்மாவழியும் பல கோடி வருஷங்களாகத் தனித்தனியே போய்க்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டு மட்டிகளைப் பற்றி இப்படிப் படித்திருந்தோம். நான் எடுத்துக்கொண்ட மட்டியில் யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் ஒரே மட்டியிலிருந்து ரெண்டு மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. வரிசைகள் வந்தன. வேறு வேறு பிராணிகள் என்று சத்தியம் செய்யலாம், அவ்வளவு வித்தியாசம். துள்ளிக் குதித்துக்கொண்டு என் கைடிடம் ஓடினேன். அவர் மைசூர்க்காரர், நிதானமானவர். “நீ ஆசைப்பட்டது வந்திருக்கு, அதான் எனக்குப் பயம். சாம்பிள் கலந்திருந்தா?” என்றார். கலந்திருந்தால் என் ரெண்டு வருஷ வேலையும் குப்பை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

புது மட்டிகள், புது மருந்துகள், பக்கத்து ஆய்வகத்தின் மேஜை. மேல் ஓட்டைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு சொட்டு எடுத்து, விந்தா முட்டையா என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தேன். என் கைதான் கலக்கிவிடுகிறது என்றால் பெண் மட்டியிலும் ரெண்டு வர வேண்டும். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஆண்களில் ரெண்டு, பெண்களில் ஒன்றே ஒன்று. கைடு தாளை மேலும் கீழுமாக ரெண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“தப்பு உன் கையில இல்லம்மா, மட்டியே அப்படித்தான். ஹோகு, மொதல்ல போய்ச் சாப்பிடு.”

செல்வி அக்கா சொன்ன சாட்சி

சாப்பிடப் போகிற வழியில் செல்வி அக்காவிடம் சொன்னேன். நீலசந்திராவிலிருந்து வந்து எங்கள் மட்டித் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். அவர் தண்ணீர் மாற்றாவிட்டால் ஒரு மட்டியும் பிழைத்திருக்காது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற சரக்கு ஒன்று இருக்கிறது, அதை நிரூபித்துவிட்டோம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கா மேடம் இத்தன நாளு? எங்க வீட்டுக்காரர் கொறட்ட பையனுக்கு மட்டும்தான் போச்சு, எம் பொண்ணுங்க ரெண்டும் சத்தமில்லாம தூங்குதுங்க!”

அடுத்தவர் குடும்ப விஷயத்தில் இத்தனை வருஷம் மூக்கை நுழைத்தும் யாரிடமும் ஒரு வார்த்தை திட்டு வாங்கவில்லை என்றால், அது மட்டிக் குடும்பமாக இருந்ததால்தான்.