புள்ளி இறங்கிய காலை

கட்டிய மனைவியின் பிறந்தநாளை மறந்துவிடுகிற கிறகரி, ஆர்க்டிக் கரையில் தரை போன வருடம் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். டவுன்டவுன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு புரொபசரின் ஆய்வுக் கருவிகளைப் பராமரிப்பது அவர் வேலை. ஒரு காலத்தில் பனிப்பாறை அமுக்கி வைத்திருந்த அந்தத் தரை, பாரம் போன பிறகும் மெல்ல எழும்பிக்கொண்டே இருக்கிறதாம். கடல் ஏறுகிறதா, தரை ஏறுகிறதா என்று பிரித்தறிய இரண்டையும் அளக்க வேண்டும். அதற்காகப் பாறையில் பூட்டிய ஜிபிஎஸ் கருவியைப் பார்க்க வசந்தம்தோறும் போவார். அங்கே அப்போதும் பனிதான்.

நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள வீட்டில் மனைவி ஜெயனிக்கு அந்த நாட்கள் நரகம். வேலை பார்க்கும் கார்டெரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், குழந்தைகளுக்குச் சோறூட்டும்போதும் மனம் அங்கேதான் நிற்கும். பாவம் பார்த்து ஒருமுறை அவரே ஓர் இணையப் பக்கத்தைக் காட்டிக்கொடுத்தார். தரையின் உயரம் நாளுக்கொரு புள்ளியாக அதிலுள்ள வரைபடத்தில் விழும். கருவியின் தலையில் பனி குவிந்தால் கணக்குக் குழம்பிப் புள்ளி மேலே தாவிவிடும். துடைத்தால் பழைய கோட்டுக்கு இறங்கும்.

இந்த முறை வழிகாட்டியோடு ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியில் கிளம்பியவரைப் புயல் பிடித்துக்கொண்டது. சாட்டிலைட் போனில் பேச்சுமூச்சில்லை. அலுவலகத்தில் கேட்டால் பொறுத்திருங்கள் என்றார்கள். ஜெயனி அந்த இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். புள்ளி மேலேயே நின்றது.

ஒரு காலை அது கோட்டுக்கு இறங்கியிருந்தது.

"றொஷினி, ஓடி வா! அப்பா போய்ச் சேந்திட்டார்!"

மகள் எட்டிப் பார்த்தாள். "காத்தும் பனியைத் தள்ளியிருக்கலாம், அம்மா."

"காத்துக்கு என்னிலை என்ன அக்கறை?" என்றாள் ஜெயனி. சொன்னாளே தவிர, வேலைக்குப் போகாமல் போனும் கையுமாகவே இருந்தாள்.

பின்னேரம் போன் மணி அடித்தது.

"ஜெயனி, நான்தான். குளிருக்கு பற்றரி செத்துப்போச்சு, இப்பதான் சார்ஜ் ஏறினது. சுகமா இருக்கிறன்."

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "பனியைத் துடைச்சது... நீங்களோ?"

"ஓம், நேற்று வந்து இறங்கின உடனை. முதல்லை பனியை அளந்து, படம் எடுத்து, பேந்துதான் கை வைக்கவேணும். ஒண்டும் செய்யேல்லை, நேரை போய்த் துடைச்சிட்டன்."

"ஏனப்பா? புரொபசர் பேசுவாரெல்லோ?"

"பேசட்டும். நீர் பாத்துக்கொண்டிருப்பீர் எண்டு தெரியும்."