அண்ணன் போன பிறகு வந்த டிப்ஸ்

அண்ணன் கடலில் காணாமல் போன பிறகும் அவனுக்கு டிப்ஸ் வந்துகொண்டிருந்தது. கையுறை ஃபேக்டரியில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா மலேசியாவில் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார். அந்தத் தோட்டத்தை விற்று, ரப்பரை அழித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். தோட்டம் கொடுத்திருந்த லய வீட்டை விட்டு வெளியே வந்து செமோரில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அண்ணன் ஈப்போவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை பார்த்தான். அங்கே பழகிய ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு உல்லாசக் கப்பலில் ஏறினான். அங்கேயும் அதே வேலைதான். பன்னிரண்டு அறைகள் அவன் பொறுப்பு. படுக்கை விரிக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், துண்டு மாற்ற வேண்டும்.

கடைசியாக லீவில் வந்தபோது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். லாரி ஓட்டும் அவனுடைய கூட்டாளியும் இருந்தார்.

"டிப்ஸு எல்லாம் நல்லா வருதா மச்சான்?" என்று அவர் கேட்டார்.

"முன்ன மாதிரி இல்லலா. முன்னெல்லாம் கடைசி நாள் சாயங்காலம் அவுங்களே கவர்ல போட்டுக் கையில குடுப்பாங்க. சிலது குடுக்காம தப்பிக்கக் கக்கூசுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். நான் விடுவேனா? வெளிய நின்னு, சார், டவல் வேணுமா சார்ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன்."

கூட்டாளி சிரித்துப் புரையேறினார்.

"இப்ப டிக்கெட் எடுக்கும்போதே டிப்ஸையும் சேத்து வாங்கிடுறாங்க. கப்பல்ல ஒரு லிஸ்டு இருக்கு. அதுல பேர் இருக்கிறவனுக்கெல்லாம் சரிபங்கு. ஏஜென்ட் ஆபீஸ் வழியா நேரா வீட்டுக்கு வந்துரும்."

"அப்ப நீ படுத்துத் தூங்கு. எவன் கேப்பான்?"

"தூங்குனா வேலையே போயிரும்டா, மாடு."

அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுவும் நல்லதுதானே. ஒவ்வொருத்தன் மூஞ்சியப் பாத்துப் பல்ல இளிக்க வேணாம்."

"நல்லதுதாம்மா. ஆனா லிஸ்டு காசு பேருக்குப் போவுது. கைக்காசு ஆளுக்குத்தான் போவும். இப்பவும் சில பேரு தனியா கையில குடுக்குறாங்க. அத வாங்கறப்பதான் நாம அங்க இருக்கோம்ன்னே தெரியுது."

நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் திரும்பிப் போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் வேலைக்கு வரவில்லையாம். படுக்கை விரித்தபடியே இருந்ததாம். கப்பலைத் திருப்பி இரண்டு நாள் தேடினார்களாம். கப்பல் கம்பெனி அனுப்பிய கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. எப்படி விழுந்தான், ஏன் அந்த நேரத்தில் மேல்தளத்துக்குப் போனான், ஒன்றும் இல்லை. அவனுடைய பை மட்டும் வந்தது. அதில் நான் பித்தான் தைத்த சட்டை இருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்தான்.

அடுத்த மாதம் தபாலில் வழக்கம்போல ஏஜென்ட் ஆபீஸ் கவர் வந்தது. பிரித்துப் பார்த்தேன். சம்பளம் அவன் காணாமல் போன நாளோடு நின்றிருந்தது. டிப்ஸ் என்று போட்டிருந்த வரி மட்டும் முழு மாதத்துக்கும் இருந்தது. அதற்கு அடுத்த மாதமும் வந்தது. அவன் இல்லாத கப்பலில், அவனைப் பார்க்காத ஜனங்கள், அவன் செய்யாத வேலைக்கு நன்றி சொல்லி அனுப்பிய காசு. கவரில் இருந்த மணியார்டரைத் தபால் நிலையத்தில் மாற்றி நான் அரிசியும் மீனும் வாங்கிவந்தேன். 

சுங்காயிலிருந்து மாமா வந்து, காரியம் செய்துவிடலாம் என்று பேச்சை எடுத்தார். மாமா அம்மாவுக்குத் தம்பி.

"செய்யக்கூடாது," என்றார் அம்மா.

"அக்கா, கடல்ல விழுந்தவன்க்கா. எத்தன நாளு..."

"பேர் அடிச்சாங்களா?"

 நாங்கள் இருந்த தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். யாராவது இறந்தால் அவர் பெயர் தானாகப் போகாது. வீட்டு ஆள் ஒருவர் மறுநாள் பெரட்டில் வந்து நிற்க வேண்டும். அந்தப் பெயரைக் கூப்பிட்டதும், "இனி வராது, பேர அடிச்சிருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கிராணி சிவப்பு மையால் கோடு போடுவார். அதற்குப் பிறகுதான் செத்தவர் செத்தவர். அப்பாவுக்கு அம்மாதான் போய்ச் சொன்னாராம்.

"லிஸ்டுல பேர் இருக்கு. பங்கு வருது. பேர் இருக்கிறவனுக்கு எவனாச்சும் காரியம் செய்வானா?" என்றார் அம்மா. மாமா பசியாறாமலே பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா ஒன்று செய்ய ஆரம்பித்தார். பெரட்டு நேரத்துக்கு எழுந்து, முன் கதவைத் திறந்து, அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கத்த மாட்டார். கிராணி கூப்பிடுவதுபோல, ஒரே ஒரு தடவை, சாதாரணமாக. பிறகு ஒரு ஆள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போவார்.

நான் பாயில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். பதில் வராது என்று எனக்குத் தெரியும். வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். ஒரு நாள் அரைத் தூக்கத்தில் "இருக்கேன்" என்று என் வாயே சொல்ல வந்தது. போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் வந்த ஏஜென்ட் கவருக்குள் இன்னொரு சின்னக் கவர் இருந்தது. கப்பல் படம் போட்டது. மேலே கையெழுத்தில் அண்ணன் பெயர். உள்ளே சில நோட்டுகள், ஒரு துண்டுக் கடிதம். இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மூலையில் இருந்த தேதி மட்டும் நன்றாகப் புரிந்தது. போன மாதத்துத் தேதி.

அம்மாவும் நானும் மூலைச் சாப்பாட்டுக் கடை பாயிடம் ஓடினோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படித்துச் சொன்னார். கப்பலில் வந்த பயணிகள் யாரோ அண்ணன் பெயரைச் சொல்லி எழுதியிருந்தார்கள். "எங்களை இவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொண்டதற்கு நன்றி. தினமும் காலையில் நீ பாடிக்கொண்டே வருவது எங்கள் பேரனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உன்னை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுகிறான்."

பாய் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "யக்கா... தம்பி கெடச்சிட்டானா?"

அம்மா நோட்டுகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "கைக்காசு பாய். கைக்காசு ஆளுக்குத்தான் போவும். அவனே சொன்னான்."

 அண்ணன் பாட மாட்டான். கோயில் பஜனையில்கூட வாயைத் திறக்காமல் நிற்பவன். அவனுடைய பெயரை வைத்துக்கொண்டு, அவனுடைய அறைகளுக்குள் பாடிக்கொண்டே போகிறவன் யார்? வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன்.

"கடல்லயே கெடந்தா எவனும் பாடுவான்டி," என்றார் அம்மா.

மறுநாள் விடியற்காலை கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "ஒரு பாட்டுப் பாடேன்யா," என்றார். எங்கள் வாசலுக்கு எதிரே செம்பனைக் காடு. அதற்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன்.

ஏஜென்ட் ஆபீஸ் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே ஒரு தமிழ் ஆள், கண்ணாடி போட்டவர், ஃபைலை எடுத்தார். கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத உங்களுக்கு அனுப்பிட்டாங்களா? விளக்கம் எழுதி அனுப்பச் சொன்னேனே." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, உங்க மகன் எடத்துல வேற ஒரு பையன் ஏறியிருக்கான். இந்தோனேசியா, மேடான் பக்கத்துப் பையன். சட்டையில பேர் பேட்ஜ் இல்லாம பயணிங்க முன்னால போவக்கூடாது, அது அங்க ரூலு. புதுசு செஞ்சு வர நாளாவும்ன்னு உங்க மகனோட பேட்ஜ குடுத்துட்டாங்க. ஜனங்க அந்தப் பேர வெச்சே கூப்பிடுறாங்க. கவர்லயும் அதே பேர எழுதிட்டாங்க. அவன் நல்ல பையன்க்கா. இது என் பேர் இல்ல, எனக்கு வேணாம்ன்னு ஆபீசுல குடுத்துட்டான்."

அம்மா சின்னக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"அப்ப மாசா மாசம் வர்றது, அண்ணே?"

"சம்பளம் கப்பல் குடுக்குது, அது நின்னு போச்சு. டிப்ஸு பயணிங்க முன்கூட்டியே கட்டுறது. லிஸ்டுப்படி பிரிச்சிருவாங்க. உங்க அண்ணன் காணோம்ன்னுதான் பேப்பர் இருக்கு, இறந்துட்டாருன்னு இல்ல. அதனால பேர எடுக்கல."

நான் எழுந்திருக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்தப் பையனுக்கு?"

"எந்தப் பையன்க்கா?"

"பாடறானாமே, அவனுக்கு. டிப்ஸு பங்கு?"

அவர் ஃபைலை மூடினார். "லிஸ்டுல ஒரு எடந்தான். ஒரு பேர் எறங்கினாத்தான் ஒரு பேர் ஏறும். அவனுக்குச் சம்பளம் மட்டும்தான்."

மாடியில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் நான் பார்த்திராத மாதிரி ஆனது. தோட்டத்தில் அம்மா ஒரு சமயம் வேறு ஒருத்தியின் பெயரில் மரம் வெட்டியிருக்கிறார். நாலு மாதம். கூலி அந்தப் பெயர்க்காரிக்குப் போகும். அவள் பார்த்துக் கொடுத்தால் உண்டு. அந்த நாலு மாதத்தைப் பற்றி எப்போது பேசினாலும் அம்மா எச்சில் துப்புவார்.

"எவ பெத்த புள்ளயோ என் மவன் பேர்ல கக்கூஸ் கழுவிக்கிட்டு நிக்கிறான்," என்றார். "நான் அவன் காசுல மீன் வாங்கித் தின்னுருக்கேன்." பிறகு அந்த ஆளைப் பார்த்து, "பேர அடிச்சிருங்க," என்றார்.

அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. "அக்கா, யோசிச்சுக்குங்க. காணோம்ன்னு எழுதினா பேர் அப்படியே இருக்கும், காசும் வரும். எறந்துட்டாருன்னு வீட்டு ஆளு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும். அவசரம் ஒண்ணும் இல்லலா."

ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். காரணம் எழுத ஒரு கோடு இருந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அந்தக் கோட்டைவிட நீளமான எதையும் நான் எழுதியதில்லை.

"என்னம்மா எழுத?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. 

"செத்துட்டான்னு எழுதுடி."

எனக்கு அந்த வார்த்தை எழுத வரவில்லை. பள்ளிக்கூடத் தமிழில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். எழுதும்போது, நானே அவனைத் தள்ளிவிடுவதுபோல இருந்தது. அம்மா கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினார். அந்தச் சின்னக் கவரை மேசைமேல் வைத்தார். "இத அந்தப் பையன் கையில சேத்துருங்க. லிஸ்டு வேணாம். கையில."

மூன்று வாரம் கழித்துக் கோலா கங்சாரில் ஆற்றங்கரையில் காரியம் வைத்தோம். மாமா சடங்கு செய்யும் பண்டாரத்தைக் கூட்டிவந்தார். நல்ல வெயில். எள்ளும் சோறும் பிசைந்து உருட்டி வைத்துவிட்டுப் பண்டாரம், "பேர் சொல்லுங்க," என்றார். மாமா வாயைத் திறந்தார். அம்மா பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார்.

"சொல்லாத! அந்தப் பையனுக்குப் புதுப் பேட்ஜ் வந்துச்சா இல்லையா தெரியல. இன்னமும் அந்தப் பேரத்தான் நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்கிறானோ என்னவோ. அந்தப் பேருக்குப் பிண்டம் போட்டா அவனுக்கு ஆவாது."

"பேர் இல்லாம யாருக்குன்னும்மா போடறது?" பண்டாரத்துக்குச் சலிப்பு.

"என் மவன்னு சொல்லுங்க. எனக்கு ஒருத்தன்தான்."

பண்டாரம் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே சொல்லி மூன்று முறை நீர் விட்டார். ஆறு செம்மண் கலங்கலாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா உருண்டைகளைத் தண்ணீரில் விட்டதும் அவை உடனே முழுகவில்லை. கொஞ்ச தூரம் மிதந்து போயின. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் அவற்றின் பின்னாலேயே நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவனுடைய பெயரைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் வெளியே விடவில்லை.