இந்த வாரம் யார் மூக்கு?

தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மாலையானால் ஒரு கேள்வி எழும்: "இந்த வாரம் யார் மூக்கு?" இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நோயாளிகளின் மூக்கிலிருந்து எடுத்த சளியோடு, நோயே இல்லாத ஒருவரின் சளியையும் இயந்திரத்தில் வைப்போம். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் மற்ற முடிவுகளை நம்பலாம். நோயில்லாத ஆளுக்கு வெளியே எங்கே போய் அலைவது? நாங்கள் ஆறு பேர், ஆறு மூக்கு. முறை வைத்துக் கொடுத்துவந்தோம்.

அந்த வெள்ளி என் முறை. சனிக்கிழமை காலை வந்து பார்த்தால், திரையில் என் குழாயின் கோடு மேலே ஏறியிருந்தது. ஏறினால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். வெறும் தண்ணீர் வைத்த குழாயோ சுத்தமாக இருந்தது. "பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்திருக்கும், கன்டாமினேஷன்" என்றேன். பதினொரு வருஷ அனுபவம் என்னை அப்படிப் பேச வைத்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்களுக்கு எதிர்பாராமல் ஏறும் கோடெல்லாம் கன்டாமினேஷன்.

மேஜையை பிளீச் போட்டுத் துடைக்கச் சொன்னேன். துடைக்க வந்த உதவியாளர் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னா மேடம், மூக்கெல்லாம் செவந்து கீது? ஒடம்பு சரியில்லியா?"

"பிளீச் நெடிண்ணா. தொண்டை கரகரங்குது."

"தொடைக்கிறது நானு. எனக்கு ஒண்ணியும் ஆவலியே" என்றார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

வேறொருவர் மூக்கிலிருந்து எடுத்துப் பரிசோதனையை முதலிலிருந்து செய்தோம். இம்முறை கோடு ஏறவில்லை. கன்டாமினேஷன்தான் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் மூக்கிலேயே இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும், தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்த வைரஸ் வரலாம், லேசான கரகரப்போடு போய்விடலாம், ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைத் தொற்றலாம் என்பதுதான் நான் ஆராயும் விஷயமே. நானும் ஊசி போட்டவள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் மாடம்பாக்கத்தில், தங்கையின் புகுந்த வீட்டில் அவளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்து அவள் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினேன், கைநிறைய வளையல் போட்டேன். அவள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றுப்பிள்ளையோடு ஊசி எதற்கு என்று அம்மா தயங்க, விசேஷம் முடியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே அவளைக் குரோம்பேட்டையில் நானும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மாவிடமிருந்து ஃபோன். "அவளுக்கு உடம்பு கொதிக்குதுடி. அலைச்சலா இருக்கும். மிளகு ரசம் வெச்சிருக்கேன்."

கர்ப்பிணிகளின் நுரையீரலை இந்த வைரஸ் என்ன செய்யும் என்று நான் படித்திருக்கிறேன். படிக்காமலே இருந்திருக்கலாம். அவளுடைய டாக்டரைக் கூப்பிட்டேன். பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம், ஒசெல்டாமிவிர் மாத்திரையை உடனே தொடங்குங்கள் என்றார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்கு நல்ல பலன். வாங்கிக்கொண்டு ஓடினேன், முதல் மாத்திரையைப் போட வைத்தேன், அவள் மூக்கிலிருந்து சளி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன்.

ஃப்ரீசரில் என்னுடைய வெள்ளிக்கிழமைச் சளியில் மிச்சம் இருந்தது. புதுக் கையுறை, புதுக் குழாய்கள். முதலில் என்னுடையதை மட்டும் தனியாக வைத்தேன். தெறிப்பதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அப்போதும் கோடு ஏறியது. அடுத்து வைத்த அவளுடையது இன்னும் சீக்கிரமாக ஏறியது. என் உடம்பைப் பற்றி எனக்குப் பயமே வரவில்லை. சந்தனம் பூசிய என் இரண்டு கைகளையும் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், அவள் அறைக்குள் வராதீர்கள் என்றார். வராந்தாவின் கோடியில் நின்றேன். தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் உள்ளேயிருந்து ஃபோனில் கூப்பிட்டாள்.

"அக்கா, காலைலேர்ந்து குழந்தை அசையவே இல்லக்கா."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நர்ஸ் ஏதோ சொல்வதும், கட்டிலுக்குப் பக்கத்தில் எதையோ இழுப்பதும் கேட்டன. நான் கும்பிடாத சாமி இல்லை. என்னை எடுத்துக்கொள் என்றுகூடச் சொன்னேன். விஞ்ஞானம் படித்தவள் பேசுகிற பேச்சா அது! திடீரென்று ஃபோனில் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம், வேகமாக, விடாமல். "குழந்தையோட துடிப்பு, கேக்குதாக்கா?" என்றாள். அந்த அழுக்குத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஐந்தாம் நாள் ஆக்ஸிஜன் குழாயை எடுத்தார்கள். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது, குறை ஒன்றுமில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "பெரியவ ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வரலேன்னா எங்க கதி என்ன ஆயிருக்கும்" என்று என்னைக் காட்டுவாள். ஒவ்வொரு தரமும் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். குழந்தையைத் தூக்காமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா கடைக்குப் போயிருந்தபோது தங்கை கேட்டேவிட்டாள். "ஏங்க்கா, நீ மட்டும் இவளத் தொடவே மாட்டேங்கற?"

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மடியில் கிடந்த குழந்தையைத் துண்டால் மூடி, தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கோபத்தில் செய்ததாகத் தெரியவில்லை. அவளுக்கே தெரியாமல் கை போனது. பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"இப்ப உனக்கு ஒண்ணும் இல்லல்லக்கா?"

"நாளைக்கு என் மூக்குலேர்ந்து எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.