முயல் பேரில் போன கூடை

கடைகளில் பச்சை பிளாஸ்டிக் புல்லும் சாக்லேட் முயலும் வந்து குவிந்துவிட்டால் போதும், ரோக்ஸானுக்குச் சாப்பாடு இறங்காது. ஈஸ்டருக்கு முயல் வந்து கூடை வைத்துவிட்டுப் போகும் என்றுதான் இங்கே பிள்ளைகளிடம் சொல்வார்கள். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். ஈரி ஏரிக்கரையில் பனிகூட முழுசாகக் கரைந்திருக்காது, கோல்பிக்கு இந்த ஈஸ்டர் கூடையில் என்ன வைக்கலாம், டெசாவுக்கு என்ன வைக்கலாம் என்று ஆரம்பித்துவிடுவாள். இரண்டும் அவள் பெற்ற பிள்ளைகள். இரண்டுக்கும் அது தெரியாது.

அவள் கதை எங்கள் ஊருக்கே தெரிந்ததுதான். புருஷன் டெரில் முதுகில் அடிபட்டு வலி மாத்திரையில் விழுந்தான். அவனைத் தூக்கிவிடப் போன இவளும் விழுந்தாள். அவன் செத்தான், இவள் ஜெயிலுக்குப் போனாள். மூன்று வயதுப் பையனையும் கைக்குழந்தையையும் டெரிலின் அக்கா மார்லா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மார்லாவை எனக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு அவளை விட்டால் நாதி கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே வந்து, மாத்திரையை மறந்து, எங்களோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளை ஒரு மணி நேரம் பார்க்க கோர்ட் அனுமதித்தது. கூடைக்குச் சாமான் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை போனதெல்லாம் குழந்தைச் சாமான் மேல். மஞ்சள் ரப்பர் பூட்ஸ், குண்டுச் சக்கரம் வைத்த லாரி, அமுக்கினால் கீச்சென்று கத்தும் ஆட்டுக்குட்டி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "பையனுக்கு ஆறு வயசாச்சுடீ. இந்த பூட்ஸ் அவன் கட்டை விரலுக்குத்தான் பத்தும். மார்லாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றேன்.

"எம்புள்ளைக்கு என்ன பிடிக்கும்னு நான் அவகிட்டப் போயி கேக்கணுமா?" என்றாள். பூட்ஸை மட்டும் ஒரு அளவு பெரிதாக மாற்றினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கு வாய் இருந்தது, வீம்பு அதைவிட அதிகமாக இருந்தது.

அரசாங்க அலுவலகத்து அறை ஒன்றில் பிள்ளைகளைக் காட்டினார்கள். ஓரமாக மார்லா உட்கார்ந்திருந்தாள். சின்னது அவள் மடியை விட்டு இறங்கவேயில்லை. கோல்பி நல்ல பிள்ளை, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து நன்றி சொன்னான். லாரியை வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குத் தரட்டுமா என்று மார்லாவிடம் கேட்டான். பூட்ஸில் காலை விட்டான், குதிகால் நுழையவில்லை. இவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தான்.

"முயலுக்கு நான் பெரியவனானது தெரியல போலருக்கு, ஆன்ட்டி" என்றான்.

"ஆமா கண்ணு. அதுக்கு யாரும் சொல்லல" என்றாள் ரோக்ஸான்.

பெத்த மனம் பித்து என்பது சும்மா இல்லை. காரில் அவள் அழுத அழுகையை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை. பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வழக்காடத்தான் அதுவரை காத்திருந்தாள். அதற்குப் பிறகு, பிள்ளைகளை மார்லா தத்தெடுக்கட்டும் என்று இவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். உனக்குப் பைத்தியமா என்று நான் சண்டைக்குப் போனேன். "அம்மான்னு ஒருத்தி அவனுக்கு இருக்கா. அவளையும் நான் பிடுங்கவா?" என்றாள். பிள்ளைகளைப் பார்க்க வரக் கூடாது என்றாள் மார்லா. வருஷத்துக்கு ஒரு கூடை அனுப்பலாம், அதுவும் முயல் கொண்டுவந்ததாக.

அன்றோடு இவள் வீம்பெல்லாம் போயிற்று. ஈஸ்டர் நெருங்கினால் தானே போன் போடுவாள். அண்ணி, செருப்பு எந்த அளவு, இப்போ எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று அவ்வளவு பணிவாகக் கேட்பாள். டெசாவுக்குக் கடலை சேர்ந்தால் உடம்பு தடித்துவிடும் என்று அப்படிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். பெற்றவளுக்கு அது போனில் தெரிந்தது. பூதக்கண்ணாடி, டைனோசர் புத்தகம், மணி கோக்கும் பெட்டி என்று அப்புறம் வாங்கினது எதுவும் தப்பவில்லை. சனிக்கிழமை என் காரில் போய், மார்லா வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். டெசா புத்தகத்தைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை என்று மறுநாள் மார்லா ஒரு வார்த்தை சொல்வாள். அதை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவாள் இவள்.

இந்த வருஷம் கூடையைக் கட்டி முடித்து வேலைக்கே கொண்டுவந்திருந்தாள். மார்லாவின் போன் வந்தபோது அவள் கையெல்லாம் சோப்பு, நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"முயலெல்லாம் பொய்யின்னு கோல்பி கண்டுபிடிச்சுட்டான். தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டான். அப்போ யாரு வைக்கிறாங்கன்னு ரெண்டும் என்னைப் பிடிச்சுக்கிச்சு" என்றாள் மார்லா.

ரோக்ஸான் குழாயை மூடினாள். "நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான்தான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது? இனிமே நானே வாங்கிக்கறேன், உனக்கும் அலைச்சல் வேண்டாம்."

நான் வாயைத் திறந்தேன், ரோக்ஸான் ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"கழுத்தைக் கட்டிக்கிட்டு முத்தம் குடுத்தாங்க" என்றாள் மார்லா.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"சரி அண்ணி. போதும்" என்றாள் ரோக்ஸான். போனை அணைத்தேன். என்னடீ போதும் என்று கத்திவிட்டேன்.

"எனக்குக் குடுத்ததுதானே அது" என்றாள்.