ஒரு பஸ்ஸில் அடங்கும் பெயர்

உலகத்தில் எங்கள் பெயரை வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னார்.

"நாங்க உக்காந்து வரலாமா, நின்னுக்கிட்டுத்தான் வரணுமான்னு கேளு" என்றார் அப்பா.

கூட வந்த கைடு அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. சிரித்து மழுப்பிவிட்டான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லியினில் ஒரு தையல் ஆலைக்குப் போகிறேன். கழுத்தில் மாட்டும் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறது. புதிதாய் வருகிற யாராவது படித்துவிட்டு "நல்ல பேரு, எங்கே பிடிச்சே?" என்பார்கள். அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான்.

எங்கள் பெயர் தோர்ன்பெக். எங்கள் தமிழ் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பர்மாக்காரர்களுக்கும் கிடையாது. ரங்கூன் ஓரத்துத் தாகேதாவில் எங்கள் தெருவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர். அது அவரோடு வந்து அவரோடு போகும். எங்கள் வீட்டில் மட்டும் தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அத்தைக்கும், அப்பாவிடமிருந்து எனக்கும் வால் மாதிரி ஒன்று தொங்கியது.

அப்பா சைக்கா ரிப்பேர் செய்வார். சைக்கிளுக்குப் பக்கத்தில் ஆள் உட்காரும் சீட் வைத்த வண்டி. கடை வாசலில் அந்தப் பெயரைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். வேறு யாருக்கும் இல்லாத பெயர், கடைக்கு நல்லது என்பார். தெருவில் அவரைக் கோ பெக், அதாவது பெக் அண்ணன், என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்தால் பையன்கள் "ஒரு பெக்கு, ரெண்டு பெக்கு" என்று சாராயக்கடை மாதிரி எண்ணுவார்கள். "எங்க பாட்டன் வெள்ளைக்காரன்டா" என்பேன். என் நிறத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சிரிப்பார்கள்.

பெயர் வந்த கதையை அத்தைதான் சொல்வாள். அப்பாவுக்கு அக்கா. புருஷன் விட்டுப்போய் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சந்தையில் கருவாடு விற்றாள். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் அந்தக் காலத்தில் ஒரு மர ஆலை இருந்ததாம். அதற்குப் பெரிய அதிகாரி தோர்ன்பெக் துரை. அப்பாவின் அப்பாயி அவருடைய பங்களாவில் வேலை செய்தாள். அவளை எல்லோரும் ஆயா என்பார்கள். ஜப்பான்காரன் சண்டை வந்து குண்டு விழுந்ததும் துரை கப்பல் ஏறிவிட்டார். போகும்போது ஆயாவின் கைக்குழந்தைக்குத் தன் பெயரை ஆசீர்வாதமாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தக் குழந்தைதான் தாத்தா. தாத்தாவுக்குப் பூனைக்கண். அத்தைக்கும் அப்படியே. கண்ணைப் பற்றிக் கதையில் ஒரு வார்த்தையும் வராது.

ஆயா அதற்குப் பிறகு டாலா படகுத்துறையில் வடை சுட்டு விற்றுப் பிள்ளையை வளர்த்தாள். அத்தை கைக்குழந்தையாய் இருந்தபோதே ஆயா செத்துப்போனாள். இதை யாரும் நீட்டிச் சொல்லமாட்டார்கள். கப்பல் ஏறியவன்தான் கதை.

அப்போதுதான் போன் எல்லார் கைக்கும் வந்திருந்தது. யாரோ கடை போர்டைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி இங்கிலாந்துக்குப் போய் அந்த மனிதர் கண்ணில் பட்டிருக்கிறது. அவரும் தோர்ன்பெக். வயதானவர். வாத்தியார் வேலை பார்த்து ஓய்ந்தவராம். தன் பெயர்க்காரர்களைத் தேடுவதுதான் இப்போது அவருக்கு வேலை. டாக்ஸியில் வந்து இறங்கினார். முகம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கையில் ஒரு பிஸ்கட் டின். கைடு ஊருக்குள்ளிருந்து வந்த தமிழ்ப் பையன்.

கடைக்கு முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். அவர் சொல்லச் சொல்ல கைடு தமிழில் சொன்னான். வட இங்கிலாந்தில் ஒரு ஓடை. கரையில் முள் மரங்கள். அந்த ஓடை ஓரமாய்க் குடியிருந்து ஆடு மேய்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"நம்ம பாஷையில முள்ளோடைன்னு சொல்லலாம்ணே" என்றான்.

"ஆடு மேய்ச்சவனா?" என்றார் அப்பா. "என்னக்கா, துரைன்னு சொன்னே?"

"அங்கே ஆடு மேய்க்கிறவனும் கோட்டு போட்டுக்கிட்டுத்தான்டா மேய்ப்பான்."

இப்போது அந்த இடத்தில் ஒரு வீடுதான் மிச்சமாம். அதிலும் வேறு யாரோ இருக்கிறார்களாம். பெயர்க்காரர்களும் தேய்ந்துபோய்விட்டார்கள். சண்டைகளில் ஆண்கள் செத்தார்கள். சிலருக்குப் பிள்ளை இல்லை. மற்ற வீடுகளில் எல்லாம் பெண்ணாய்ப் பிறந்துவிட்டது என்றார். பெண் கல்யாணம் கட்டினால் அவர்கள் வழக்கத்தில் பெயர் போய்விடுமாம். அதைச் சொல்லிவிட்டுப் பெண் பிள்ளையான என்னைப் பார்த்து, ஐயோ என்கிற மாதிரி முகத்தைக் கோணினார். தமாஷுக்குத்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிறகு விரலை நீட்டி எங்களை எண்ணினார். அப்பா, அத்தை, நான். விரல் அம்மாவிடம் வந்தது. அம்மா பர்மாக்காரி. கைடு அவளிடம் பர்மியப் பேச்சில் கேட்டான். தேநீர் ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

"எனக்கு எங்க அம்மா வச்ச பேரு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியும் அதுதான், பின்னாடியும் அதுதான்."

அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

கடைசியில் பையைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். மூடி போட்டது. அதில் எச்சில் துப்பிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்தால் அவரும் நாங்களும் ஒரே ரத்தமா என்று தெரிந்துவிடும். அப்பா வாய் நிறைய வெற்றிலை. திரும்பிச் சாக்கடையில் சிவப்பாய்த் துப்பினார்.

"இந்தா, எவ்வளவு வேணும்?"

"அதில்லண்ணே. வாயைக் கழுவிட்டு அரை மணி நேரம் எதுவும் போடாம இருக்கணும்."

"அரை மணி நேரமா? நான் தூங்கும்போதே வாய் சும்மா இருக்காது, எங்க வீட்டுக்காரியைக் கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்காரரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். அப்பா மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"சரி தம்பி. ஒரே ரத்தமில்லைன்னு வந்தா?"

கைடு கேட்டுச் சொன்னான். தப்பொன்றும் இல்லையாம். வேலைக்காரர்கள் முதலாளி பெயரை வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் உண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் குடும்பக் கணக்கில் சேர்க்க முடியாதாம்.

"அப்ப எங்க பேரு எங்களுதான்னு நாங்க துப்பிக் காட்டணும்."

"அப்படி இல்லண்ணே..."

"அப்படித்தான். முடியாது. போகச் சொல்லு."

அத்தை எழுந்தாள். "நீ துப்பாட்டிப் போ. நான் துப்பறேன். எனக்கும் அதே அப்பன்தானே?"

"அக்கா, சும்மா இரு."

"எதுக்கு? சொந்தம்னு ஆனா கூட்டிட்டுப் போவாங்க. சாகற வரைக்கும் கருவாட்டு நாத்தத்துலயே கிடக்கணுமா?"

"ஆமான்னு வந்தா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். லண்டன்."

"போய்ச் சேர்ந்தவளை இழுத்துத் தெருவுல நிறுத்தாதே" என்றார் அப்பா.

யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பித் தெருவைப் பார்த்தேன். ஒரு நாய் போனது. யாரும் நிற்கவில்லை.

அத்தை வாயைக் கொப்பளித்தாள். காத்திருந்தாள். குழாயை வாயருகே பிடித்தால் எச்சில் வரவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அத்தை, பச்சைப் புளியங்கா! உப்பு தொட்டு!" என்று அவள் முன்னால் நின்று நான் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் காட்டினேன். அவளுக்கு ஊறியது. கோடு வரை நிரம்பியது. வெள்ளைக்காரர் என் தலையைத் தடவினார். அப்பா உள்ளே போய் ரிம் தட்ட ஆரம்பித்தார். அன்றைக்கு அத்தனை சத்தமாய்த் தட்ட வேண்டிய ரிம் எதுவும் கடையில் இல்லை.

அதற்குப் பிறகு அப்பாவும் அத்தையும் நேராய்ப் பேசிக்கொள்ளவில்லை. "உங்க அத்தையைச் சோறு திங்கச் சொல்லு" என்பார். "உங்கப்பன் தின்னாச்சான்னு கேளு" என்பாள். நான் சாமியிடம் ஒன்றுதான் கேட்டேன். ஆமாம் என்று வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்துவிட்டேன், நாங்கள் நிஜ வெள்ளைக்காரர்கள் என்று பிளேனில் கடுதாசி வரப்போகிறது என்று. இல்லை என்று வந்தால் ஒரு பெக்கு, ரெண்டு பெக்கு வாழ்நாள் முழுவதும்.

மழை முடிந்து குளிர் தொடங்கும்போது அவர் மறுபடி வந்தார். கடுதாசி இல்லை, ஆளே வந்தார். கேக் வாங்கி வந்தார். கைடு டாக்ஸியிலிருந்து இறங்கும்போதே அத்தையைப் பார்த்துத் தலையாட்டினான். அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆமாம் என்று வந்திருந்தது. தோர்ன்பெக் துரை அந்த மனிதருடைய தாத்தாவுக்குத் தம்பி. அத்தை அவருக்குத் தங்கச்சி முறை. அவர் அத்தையைக் கட்டிப்பிடித்தார். அவரும் அழுதார். தெருவே கூடிவிட்டது. சைக்காக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேக்குக்குக் கை நீட்டினார்கள். "கோ பெக், இனி நாங்க உன்னை சார்னு கூப்பிடணுமா?" என்று ஒருவன் கத்தினான். அம்மா இருந்த கோப்பைகளில் எல்லாம் தேநீர் ஊற்றினாள். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

லண்டன் எல்லாம் வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அவர் எழுந்து நின்று பேசினார். கைடு சத்தமாய்ச் சொன்னான். அந்தச் சின்னத் தாத்தாவுக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். அந்தக் கிளை அவரோடு காய்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்களாம். காயவில்லை. இங்கே ரங்கூனில் பூத்திருக்கிறது. எவ்வளவு அரிய பெயர், அதை எவ்வளவு பத்திரமாய் நீங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று எங்களுக்கு நன்றி சொன்னார். என்னை ஸ்டூல் மேல் ஏற்றி நிறுத்தி எல்லோருக்கும் காட்டினார்.

அப்பா கடை ஓரத்தில் ஒரு செயினைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கல்யாணமே கட்டலைன்னாரா?"

"ஆமாண்ணே."

"அப்ப எங்கப்பன் எப்படிப் பொறந்தான்னு கேளு."

கைடு குரலைத் தாழ்த்தினான். "அதை எப்படிண்ணே கேக்கறது..."

"டேய், ஊரே நிக்குது. வாயை மூடு" என்றாள் அத்தை. பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் நேராய்ப் பேசிய முதல் பேச்சு அது.

அப்பா எழுந்து வந்தார். மெதுவாய்த்தான் பேசினார்.

"சரி, அது வேண்டாம். அவரு தாத்தனுக்குத் தாத்தன் பேரெல்லாம் தெரிஞ்சவருதானே? ஆடு மேய்ச்சவன் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்காரே. எங்கப்பனைப் பெத்தவ பேரு என்னன்னு கேளு."

இதைக் கைடு கேட்டான். வெள்ளைக்காரர் முகம் வாடியது. அவர்கள் பக்கம் எதிலும் அவள் பெயர் இல்லையாம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் வந்தாராம்.

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

"ஆயா" என்றாள் அத்தை.

"அது வேலை, அக்கா. பேரு கேட்டேன்."

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். "நீதான் சொல்லேன்டா" என்றாள். அப்பாவுக்கும் தெரியாது. அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாய்ப் பார்த்துக்கொண்டு வந்தார், யாராவது அந்தப் பெயரை எடுத்து வைத்திருக்கிற மாதிரி. அம்மா தரையைப் பார்த்தாள்.

ஸ்டூல் மேல் நின்ற எனக்கு இதெல்லாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்கிற மாதிரிதான் இருந்தது. பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கையைத் தூக்கினேன்.

"தோர்ன்பெக்!" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குக் கைடு தேவைப்படவில்லை. வெள்ளைக்காரர் முகம் மலர்ந்தது. முதலில் அவர்தான் கை தட்டினார். அத்தை தட்டினாள். சைக்காக்காரர்கள் விசில் அடித்தார்கள். தெரு முழுவதும் தட்டியது. அப்பா என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

கையெல்லாம் கிரீஸ், அதனால்தான் அப்பா தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.